ஊசி தர மறுத்த மாலை

வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரில் 19 ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். 2022ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலை, நான்கு நாள் விடாமல் பெய்த மழையில் சம்பா வயல்கள் தண்ணீர் வடியாமல் நின்றுகொண்டிருந்தபோது, அடுத்த தெருவைச் சேர்ந்த பையன் ஒருவன் நனைந்தபடியே கடைக்கு வந்தான். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். வயது 22 இருக்கும். கூட்டம் குறையட்டும் என்று ஓரமாகச் சற்று நேரம் ஒதுங்கி நின்றான். பிறகு கண்ணாடிப் பெட்டியின்மேல் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து, "அண்ணே, ஒரு சிரிஞ்சு குடுங்க, சின்னது" என்றான். யாருக்கு என்று கேட்டேன். "அப்பாயிக்குண்ணே, சுகர் ஊசிக்கு" என்றான். அவனுடைய அப்பாயி அந்த வருடம் சித்திரையிலேயே இறந்துபோயிருந்தார். கருமாதிக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவன் நான்.

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியாகவே சொன்னேன்: "செத்துப்போன கிழவிக்கா ஊசி வாங்குற? உங்கப்பா வயல்ல கெடந்து சாவுறாரு, நீ இந்த வேலை பாக்குறியா?" அவன் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டான். நாணயத்தை எடுக்க மறந்திருந்தான். அன்று இரவு சாப்பிடும்போது என் மனைவியிடம் நடந்ததைப் பெருமையாகவே சொன்னேன். ஊரில் மூன்று மருந்துக்கடைகள் இருக்கும்போது என் கடையில் மட்டும் இந்தப் பையன்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்பதை ஒரு நற்பெயராகவே அந்நாளில் கருதிவந்தேன்.

அடுத்த ஆண்டு ஆவணியில் அவன் மறுபடியும் வந்தான். வளைகுடா வேலைக்கு எல்லாம் கூடிவந்து, ஏஜெண்டுக்கு முன்பணமும் கட்டி, கடைசியில் 'மெடிக்கல்' தேறவில்லை. தாளை என்னிடம் நீட்டினான். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி இருப்பதாக அதில் இருந்தது. மெல்லிய குரலில், என்னைக் குறை சொல்லும் எண்ணம் துளியும் இல்லாமல், நடந்ததை மட்டும் சொன்னான்: "அன்னைக்கு ஊசி கெடைக்கலண்ணே. ஏற்கனவே ஒன்னு இருந்துச்சு. அதுலயே நாலு பேரும் போட்டுக்கிட்டோம்."

அந்த ஒரு மாலையில்தான் கிருமி தொற்றியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் ஊசியைப் பகிர்ந்திருக்கக்கூடும். ஆனால் அவன் என்னிடம் ஊசி கேட்டு வந்தது, பகிராமல் இருப்பதற்காகத்தான். ஒரு தவற்றைச் செய்யும்போதும் அதில் தன்னால் முடிந்த ஒரு எச்சரிக்கையைக் கைக்கொள்ள நினைத்தவனைத்தான் நான் பிறர் முன்னால் அவமானப்படுத்தி அனுப்பினேன். சில மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு கேட்பது சட்டம். ஊசிக்குழலைத் தர மறுத்தது என்னுடைய வைராக்கியம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு 10 மாதமும் ஒரு பையனின் கல்லீரலும் தேவைப்பட்டன.

இந்தப் பையன்கள் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் அந்த மாத்திரைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டேபென்டடால் என்பது அறுவைசிகிச்சைக்குப் பிறகும் கடும் முதுகுவலிக்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் வலிநிவாரணி. அபின் வகை மருந்துகள் மூளையில் எந்த இடத்தைப் பற்றுமோ அதே இடத்தைத்தான் இதுவும் பற்றுகிறது. இதற்கு முன்னால் டிரமடால் என்ற மாத்திரைதான் பேச்சாக இருந்தது. 2018இல் மத்திய அரசு அதைப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் என் கடைக்கு வந்து கேட்டவர்களின் வாயில் பெயர் மட்டும் மாறியது, கேட்பவர்கள் மாறவில்லை. கஞ்சா வேட்டை என்ற பெயரில் காவல்துறை 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் நடவடிக்கை எடுத்தபோதும் இதையே பார்த்தேன். கஞ்சாப் பொட்டலத்துக்கு வாசனை உண்டு, சட்டைப்பையில் வைத்தாலும் தெரியும். ஒரு அட்டை மாத்திரையை யாரும் முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது. சோதனை கடுமையாகும்போது ஒளித்துவைக்க எளிதான பொருளும், சிறிய அளவிலேயே வேகம் தரும் பொருளும் சந்தையைப் பிடித்துக்கொள்கின்றன. 20 வயதுப் பையன் புகைப்பதிலிருந்து ஊசிக்குப் போவதற்கு அவனுடைய மனக்கோளாறு மட்டும் காரணமாக இருப்பதில்லை.

வாயில் போட்டு விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையில் மருந்தைவிட மாவுப் பொருட்கள் அதிகம். அவை தண்ணீரில் முழுமையாகக் கரைவதில்லை. நரம்புக்குள் போனால் அந்தத் துகள்கள் சிறு இரத்தக்குழாய்களை அடைத்து, கையில் சீழ்க்கட்டியாகவும், சில வேளைகளில் நுரையீரல் வரை போய் மூச்சுத்திணறலாகவும் முடிகின்றன. முழங்கை மடிப்பில் கறுத்துக் கயிறுபோலத் தடித்த நரம்பை மறைக்க, சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வரும் பையன்களை இப்போது எனக்கு அடையாளம் தெரியும்.

அந்தப் பையனின் ஹெபடைடிஸ் குணமாகிவிட்டது. 2018 ஜூலையில் தொடங்கப்பட்ட தேசிய கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனைகளில் இதற்கான பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பெரும்பாலானவர்களுக்கு 12 வாரம் நாள்தோறும் மாத்திரை சாப்பிட்டாலே கிருமி உடலைவிட்டு நீங்கிவிடுகிறது. நானே அவனை அழைத்துக்கொண்டு போனேன். அந்தப் பேருந்துப் பயணங்களில்தான் அவனும் நானும் ஒருவரோடு ஒருவர் பேசப் பழகினோம். மார்கழி வாக்கில் ஊசியையும் விட்டிருந்தான். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

போதை விருந்து என்றவுடன் நாளிதழ்களில் பெருநகரத்து மதுக்கூடமும் கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதியும்தான் வரும். எங்கள் பக்கத்துக் கொண்டாட்டத்தின் இடங்கள் வேறு. மாப்பிள்ளை அழைப்பு முடிந்த இரவில் மண்டபத்துக்குப் பின்னால் நிற்கும் வண்டியில் ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கி வைத்து ஆடுவது. கோவில் திருவிழாவில் ஆடல் பாடல் நடக்கும்போது மேடைக்குப் பின்புறத் தோப்பு. மேட்டூர் திறக்காத மாதங்களில் வெண்ணாற்று மணலில் நடுராத்திரியில் கேக் வெட்டும் பிறந்தநாள். நான்கு பேர் இரண்டு வண்டியில் காரைக்கால் போய், அங்கே மலிவாகக் கிடைப்பதைக் குடித்துவிட்டு இருட்டில் திரும்பி வருவது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை தன் கூட்டாளிகளுக்கு வாங்கித் தர வேண்டியது என்ன என்பது எழுதப்படாத சீர்வரிசை. அதை வாங்கித் தராத மாப்பிள்ளையைப் பற்றி நாலு வருடம் பேசுவார்கள். இந்தக் கொண்டாட்டங்களை நான் வெறுக்கவில்லை. ஆறு மாதம் திருப்பூரிலோ சென்னையிலோ பன்னிரண்டு மணி நேர வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு ஊர் திரும்பும் பையன் ஆடத்தான் செய்வான். 1983இல் அரசே மதுவுக்கு ஒரு வாணிபக் கழகம் தொடங்கி, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்திவரும் ஒரு மாநிலத்தில், குடிக்காதே என்ற ஒரே வாக்கியத்தை மட்டும் அவனிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நேர்மையாகாது என்பதுதான் என் வருத்தம். குடிக்கப் போகிறவனுக்கு, குடித்த பிறகு எது ஆபத்து, அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல ஆள் வேண்டும்.

பெங்களூருவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒருமுறை தொலைபேசியில், "மாமா, உங்ககிட்டதான் கேக்க முடியும்" என்று தயங்கித் தயங்கி, நண்பர்கள் ஒரு விருந்தில் எம்.டி.எம்.ஏ. என்ற போதை மாத்திரை வைத்திருக்கிறார்கள் என்றும், அதைப் போட்டால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள் என்றும் கேட்டான். எனக்குக் கோபம் வந்தது. ஐப்பசி மாலை நினைவுக்கு வந்ததால் அடக்கிக்கொண்டேன். அந்த மாத்திரை உடல் சூட்டை ஏற்றிவிடும், அடைத்த அறையில் மணிக்கணக்கில் ஆடினால் சூடு இன்னும் கூடும், அதே சமயம் பயந்துபோய் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி மூளை வீங்கி இறந்தவர்களும் உண்டு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த மாத்திரைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பது விற்றவனுக்கே தெரியாது என்றும் சொன்னேன். நெதர்லாந்தில் 1992 முதலே இளைஞர்கள் தாங்கள் வாங்கிய மாத்திரையைக் கொடுத்து, அதில் என்ன கலந்திருக்கிறது என்று சோதித்துத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அரசின் ஆதரவோடு இயங்குகிறது. நியூசிலாந்து 2021இல் அதற்கென்று சட்டமே இயற்றியது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லாத நிலையில், தெரியாத மாத்திரையைத் தொடாமல் இருப்பதைவிடப் பாதுகாப்பான வழி எனக்குத் தெரியாது என்றேன். அவன் போடவில்லை என்று பிறகு சொன்னான். உண்மையாகவே இருக்கலாம். அடுத்த முறையும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பான் என்ற நம்பிக்கை கிடைத்ததே எனக்குப் பெரிது.

கலப்படத்தைப் பற்றி நமக்கு வெளிநாட்டு உதாரணமும் தேவையில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மெத்தனால் உடனே கொல்வதில்லை. பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலியும் கண் மங்கலும் தொடங்குகின்றன. அந்த இடைவெளியில் மருத்துவமனைக்குப் போய்விட்டால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் காப்பாற்றக்கூடும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மாநில அரசு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால் சாவு நேர்ந்தால் விற்றவனுக்கான தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்தியது. விற்றவனுக்குத் தண்டனை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 'குடித்தவர்கள் பயப்படாமல் உடனே வாருங்கள், உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்' என்ற வாக்குறுதி சட்டத்தில் எந்த இடத்திலாவது எழுதப்பட வேண்டும் என்ற பேச்சே எழவில்லை.

அந்த வாக்குறுதி இல்லாததன் விலையை 2024 தை மாதத்தில் நேரில் பார்த்தேன். ஊரில் ஒரு கல்யாணம். இரவு ஒன்றரை மணிக்குச் சமையல்காரரின் கையாள் ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டி, மண்டபத்தின் பின்கட்டில் ஒரு பையன் மட்டையாகிக் கிடக்கிறான், குறட்டை ஒரு தினுசாக இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். காய்கறி நறுக்கும் இடத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் கோணிச் சாக்கின்மேல் அவனை மல்லாக்கப் படுக்கவைத்திருந்தார்கள். தூங்கட்டும், தெளிந்துவிடும் என்று கூட்டாளிகள் நினைத்திருக்கிறார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்து வாயில் ஊற்றியிருந்தார்கள். கன்னத்தில் அதன் விதை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உதடும் நகக்கண்ணும் நீலம் பாரித்திருந்தன. கைக்கடிகாரத்தை வைத்து மூச்சை எண்ணினேன். ஒரு நிமிடத்தில் ஐந்தோ ஆறோ. குறட்டை என்று அவர்கள் கேட்டது, தொண்டை தளர்ந்து காற்று உள்ளே போக வழியில்லாமல் எழுந்த சத்தம். மதுவும் அபின் வகை மாத்திரையும் சேரும்போது மூளை மூச்சுவிடச் சொல்வதையே மறந்துபோகிறது. மல்லாந்த நிலையில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போகும். வாயில் எதையும் ஊற்றவே கூடாது. இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தாடையைச் சற்று உயர்த்திவிட்டு, 108க்குச் சொன்னேன். வண்டி வரும் வரையில் மூச்சு நிற்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து ஊதினேன்.

அவனோடு அன்று இருந்தவர்கள் ஐந்து பேர். நான் போனபோது இரண்டு பேர்தான் நின்றார்கள். ஆம்புலன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அதில் ஒருவன், "போலீஸ் கேஸ் ஆயிடும்ண்ணே" என்று சொல்லிக்கொண்டே பின்வாசல் வழியாகப் போய்விட்டான். நின்ற ஒருவன், அந்த ஐப்பசி மாலையில் என் கடைப்படியிறங்கிப் போன அதே பையன். அவன் அன்று மாத்திரை எதுவும் எடுக்கவில்லை, விருந்துக்கு மட்டும் வந்திருந்தான். ஆம்புலன்ஸில் வந்த பணியாளர் என்ன சாப்பிட்டான் என்று கேட்டபோது, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் "சரக்குதான், சரக்கு மட்டும்தான்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். அவன்தான் குனிந்து, கிடந்தவனின் பேண்ட் பையிலிருந்து பாதி காலியான அட்டையை எடுத்துப் பணியாளர் கையில் கொடுத்தான். அவனே வண்டியில் ஏறிக்கொண்டும் போனான். அந்த அட்டை இருந்ததால் மருத்துவருக்கு யோசிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நலோக்சோன் என்ற ஊசி மருந்து அபின் வகை மருந்துகளை மூளையில் அவை பற்றிய இடத்திலிருந்து தள்ளிவிட்டுத் தான் போய் அமர்ந்துகொள்ளும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அதன் வேலை மாத்திரையின் வேகத்துக்கு முன்பே தீர்ந்துவிடக்கூடும் என்பதால் இரவு முழுவதும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள், மட்டையாகிக் கிடந்த பையன் வீட்டுக்கு நடந்தே வந்தான்.

நஞ்சு உட்கொண்டவர் யார் வந்தாலும் மருத்துவமனையில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவு போட்டுக் காவல்துறைக்குத் தகவல் தருவது வழக்கம். அந்தத் தகவல் போய், இரண்டாம் நாளே விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். யாரை? உடன் வந்தவனை. காலை பத்து மணிக்குப் போனவன் இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வந்தான். "அட்டை பையில் இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீயும் போடுறவன்தானே? வாங்கிக் குடுத்ததே நீதானே?" என்று ஆளுக்கொருவராகக் கேட்டிருக்கிறார்கள். கைபேசியை வாங்கிவைத்துக்கொண்டு நான்கு நாள் கழித்துக் கொடுத்தார்கள். வழக்கு எதுவும் பதியவில்லை. அடித்ததாகவும் அவன் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை நிலைய வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருந்த அவனுடைய அப்பா என்னிடம் சொன்னது இதுதான்: "ஓடிப்போன நாலு பயலும் வீட்டுல படுத்துத் தூங்குறானுவ. என் மவன் நின்னான் பாருங்க, அதான் தப்பு." அந்த ஊர்ப் பையன்கள் அத்தனை பேரும் அந்த வாரத்தில் கற்றுக்கொண்ட பாடமும் இதுவே.

இதே மாநிலத்தில் சாலை விபத்துக்கு நாம் வேறு விதமாக நடந்துகொள்ளக் கற்றிருக்கிறோம். காயம்பட்டவருக்குக் காவல்துறை நடைமுறைகளுக்காகக் காத்திராமல் சிகிச்சை தர வேண்டியது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே சொல்லிவிட்டது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவர்மீது, உதவும்போது நேர்ந்த தவறால் அடிபட்டவருக்குக் காயமோ சாவோ ஏற்பட்டாலும் வழக்கு வராது என்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கியது. அடிபட்டவர் குடித்துவிட்டு ஓட்டினாரா என்று கேட்டுவிட்டு அவசர சிகிச்சையைத் தொடங்குவதில்லை. சாலையோரத்தில் விழுந்தவனைத் தூக்குகிறவனுக்குக் கொடுத்த அந்தப் பாதுகாப்பை மண்டபத்தின் பின்கட்டில் விழுந்தவனைத் தூக்குகிறவனுக்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2007இல் இத்தகைய சட்டத்தை முதலில் கொண்டுவந்தது. உதவிக்கு அழைத்தவர்மீதும் விழுந்து கிடந்தவர்மீதும், தாம் வைத்திருந்த சிறிய அளவு போதைப்பொருளுக்காக வழக்குத் தொடரக் கூடாது என்பது அதன் சாரம். அதன்பின் பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

நம்முடைய 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் முழுவதும் இருட்டு என்றும் சொல்ல மாட்டேன். 27ஆம் பிரிவு உட்கொள்வதையே குற்றமாக்குகிறது; பொருளைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமையானவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்கும் சிறிய அளவு வைத்திருந்ததற்கும் உரிய வழக்கிலிருந்து அவருக்கு விலக்கு அளிக்கிறது. 39ஆம் பிரிவின்படி நீதிமன்றம் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்பலாம். என் கடையில் வந்து பேசிய பெற்றோர்களில் ஒருவர்கூட இவற்றைக் கேள்விப்பட்டதில்லை. பள்ளிகளில் ஆகஸ்டு மாதம் மாணவர்களை வரிசையில் நிறுத்திப் போதைக்கு எதிராக உறுதிமொழி வாசிக்கச் செய்கிறார்கள்; அதில் இந்த இரண்டு பிரிவுகளைப் பற்றி இரண்டு வரி சேர்த்தால் போதும். போர்ச்சுகல் 2001இல் இன்னும் தூரம் போயிற்று. பத்து நாள் பயன்பாட்டுக்கு மிகாத அளவு வைத்திருப்பதைக் குற்றவியல் வழக்கிலிருந்து எடுத்துவிட்டு, மருத்துவம், சமூகப்பணி அறிந்தவர்கள் அமர்ந்த குழுவின் முன் அனுப்பியது. விற்பனை அங்கேயும் குற்றமாகவே தொடர்கிறது. நாம் அவ்வளவு தூரம் போகத் தயாராக இல்லாவிட்டாலும், ஏற்கெனவே நம் கையில் இருக்கும் பிரிவுகளைப் பயன்படுத்தலாம்.

ஊசி கொடுத்தால் பழக்கம் வளராதா என்று என் மனைவியே கேட்டாள். நியாயமான கேள்விதான். இந்திய அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமே ஊசி போடுபவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் புது ஊசிகளை வழங்கிப் பழையதைத் திரும்பப் பெறும் திட்டத்தை நடத்துகிறது. நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையை மேற்பார்வையில் கொடுத்து, ஊசியிலிருந்தும் கள்ளச் சந்தையிலிருந்தும் ஆளை மெல்ல வெளியே கொண்டுவரும் சிகிச்சையும் அதில் உண்டு. 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு நாட்டில் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் ஊசி போடுவதாகக் கணித்தது. ஊசி கிடைக்காததால் போதையை விட்டவன் ஒருவனைக்கூட நான் பார்த்ததில்லை. ஊசி கிடைக்காததால் அடுத்தவனுடையதை வாங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மறுவாழ்வு மையங்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நல்லவை இருக்கின்றன. கட்டிவைத்து அடித்து, மூன்று மாதம் கழித்து 'திருந்திவிட்டான்' என்று அனுப்பிவைக்கும் ஓர் இடத்திலிருந்து திரும்பிய பையனையும் பார்த்திருக்கிறேன். கணுக்காலில் சங்கிலித் தழும்பு இருந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இலேயே சங்கிலியைத் தடை செய்துவிட்டது. அதைவிடப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது, மூன்று மாதம் எதுவும் எடுக்காத உடம்புக்குப் பழைய தாங்குசக்தி இருக்காது என்பது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுப்பவன் முதல் வாரத்திலேயே இறந்துவிடலாம். திரும்பி வந்த பிள்ளையிடம் இதைச் சொல்லும் வீட்டை நான் இன்னும் காணவில்லை. சொன்னால் அதையே அனுமதியாக எடுத்துக்கொள்வானோ என்ற பயம் அவர்களுக்கு.

இப்போது என் கடையில் சீட்டு இல்லாமல் டேபென்டடால் கிடையாது. அதில் எந்த மாற்றமும் இல்லை. ஊசிக்குழல் கேட்டால் கொடுக்கிறேன். கேட்டவனை ஓரமாகக் கூப்பிட்டு, ஒருவனுக்கு ஒன்று, தனியாக இருக்கும்போது வேண்டாம், குடித்திருந்தால் வேண்டவே வேண்டாம், யாராவது குறட்டைவிட்டு எழுப்ப எழுப்ப எழாவிட்டால் சாய்த்துப் படுக்கவைத்து 108க்கு அடி என்று சொல்கிறேன். போட்ட ஊசியைத் திரும்பக் கொண்டுவந்து போட, கடைக்குப் பின்னால் மூடியில் துளையிட்ட ஒரு ஐந்து லிட்டர் கேன் வைத்திருக்கிறேன். ஊரில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. "ஊசிக்கடை" என்றுகூட ஒருவர் என் காதுபடச் சொன்னார். அந்தப் பேச்சு வலிக்கத்தான் செய்கிறது. கேனில் முதல் மாதம் 6 ஊசிகள் சேர்ந்தன. இவை முன்பெல்லாம் வாய்க்கால் கரையில் கிடந்து, நடவுக்கு இறங்கும் பெண்களின் காலில் ஏறியவை.

வலங்கைமான் மகாமாரியம்மன் கோவிலில் பங்குனி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பாடைக்காவடி எடுப்பார்கள். சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்தவருக்காக வேண்டிக்கொண்டு, அவரைப் பச்சை ஓலைப் பாடையில் பிணம்போல் கிடத்தி, நெற்றியில் காசு ஒட்டி, முன்னால் ஒருவர் தீச்சட்டி ஏந்தி நடக்க, உறவினர்கள் தோளில் தூக்கிக் கோவிலைச் சுற்றி வருவார்கள். அந்தத் தை மாதத்து இரவில் மூச்சு நின்ற பையனுக்காக அவனுடைய அம்மா வேண்டிக்கொண்டிருந்தார். அந்த வருடம் பங்குனியில் நானும் போயிருந்தேன். பாடையின் நான்கு முனைகளையும் அவனுடைய மாமாவும் சித்தப்பா மகன்களும் பிடித்திருந்தார்கள். இடுப்பில் மஞ்சள் துணியும் கழுத்தில் மாலையுமாக அவன் கண்ணை மூடிக் கிடந்தான். வெயிலில் இமைகள் துடித்துக்கொண்டே இருந்தன.

அட்டையை எடுத்துக் கொடுத்தவனை அந்த வீட்டில் அழைக்கவில்லை. அவனோடு சேர்ந்துதான் தங்கள் பிள்ளை கெட்டான் என்று அவர்கள் இன்னும் நம்புகிறார்கள். அவன் கோவிலுக்கு எதிரில் வளையல் கடை நிழலில் நின்றுகொண்டிருந்தான். பாடை இரண்டாம் சுற்று வந்தபோது என்னைப் பார்த்துவிட்டு அருகில் வந்து, "மூச்சு விடுறான்ல?" என்று கேட்டான். விடுகிறான் என்றேன். மூன்றாம் சுற்று முடிந்து, தண்ணீர் தெளித்து அவனை எழுப்பி உட்கார வைக்கும் வரையில் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, நீடாமங்கலம் பேருந்தில் ஏறிப் போனான்.